வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே: ஒரு பழைய குற்றச்சாட்டின் சரித்திரம்

சென்ற மாதம் கல்லூரி ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை நம்முன் நீட்டினார். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நண்பரின் தந்தையார் இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தவர். நண்பருக்கோ பல காலமாக ஈறுகளில் இரத்தக் கசிவு. "பேசாமல் எல்லாப் பல்லையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்த நறுக்கை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தியதைக் கவனித்தோம்.

இலக்கியம் படித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியல்ல இது. எனினும் அது நம்மை விடவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நண்பரின் கேள்வி புதிதல்ல என்பது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கேட்கப்பட்டு, "பிடுங்குங்கள்" என்று பதிலும் சொல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோரின் பற்கள் பிடுங்கவும் பட்டிருக்கின்றன. பின்பு அந்தப் பதில் தவறென்று கைவிடப்பட்டது. இப்போது வேறு உடையில் கேள்வி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அதன் போக்குவரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த அந்தோனி வான் லீவன்ஹுக்கிலிருந்து தொடங்குவோம். அவர் மருத்துவரல்லர், பல்கலைக்கழகம் கண்டவருமல்லர். தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளால் உலகைப் பார்த்தவர். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய மாவு போன்ற வெண்பொருளை மழைநீரில் கலந்து நோக்கியதையும், அதில் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிந்ததையும் விவரித்தார். அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் தேய்ப்பவர். அவர் வாயிலேயே இத்தனை என்றால், பிறந்தது முதல் பல்லே துலக்காத முதியவர் ஒருவரின் வாயில் எத்தனை இருக்கும்! அதையும் பார்த்து எழுதினார்.

அக்கடிதத்தில் நம்மை நிற்கவைத்த இடம் இன்னொன்று. காடி நீரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடியும் சுரண்டிப் பார்த்தார். உயிர்கள் அப்படியே இருந்தன. காடி மேற்பரப்பில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, அப்படலத்தின் உள்ளே புகவில்லை என்று முடிவு செய்தார். வாயின் நுண்ணுயிர்கள் தனித்தனியே அலைவன அல்ல, கோட்டை கட்டி வாழ்வன என்ற உண்மையின் முதற்கீற்று அது. ஆனால் இவ்வுயிர்கள் நோய் செய்யும் என்று அவர் எங்கும் குற்றம் சாட்டவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியதோடு நின்றார். பின்னால் வந்தவர்கள் பலரிடம் இல்லாமற்போன அடக்கம் இது.

*

குற்றச்சாட்டு எழ இருநூறு ஆண்டுகள் ஆயின. ஓஹியோவில் பிறந்து பெர்லினில் பணிபுரிந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், ராபர்ட் காக் வகுத்த முறைகளைக் கொண்டு வாயின் பாக்டீரியாக்களை வளர்த்து ஆராய்ந்தார். உணவின் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அவை அமிலமாக்குவதே பற்சொத்தைக்குக் காரணம் என்று காட்டியவர் அவரே. 1891இல், மனித வாய் உடலின் பிற நோய்களுக்கும் தொற்று மையமாகிறது என்ற பொருளில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஆயினும் பற்களைப் பிடுங்கி எறிய அவர் சொல்லவில்லை. வேர்க்குழலைத் துப்புரவு செய்து அடைக்கலாம் என்பதே அவர் கட்சி.

அடுத்து வந்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர். 1900இல் அவர் எழுதிய கட்டுரைகளில் நம் கதையின் இரு முனைகளும் முதன்முறையாக அழுத்தமாக முடிச்சிடப்படுகின்றன. அழுகிய பற்களிலிருந்தும் ஈறுகளிலிருந்தும் வடியும் சீழை நோயாளி இரவும் பகலும் விழுங்குகிறார். அதனால் இரைப்பை அழற்சி உண்டாகிறது. உயிர்கொல்லியான ஒருவகை இரத்தசோகையும் அதனால் வருவதே என்றார் ஹண்டர். 1910இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சீழ்க்குழியின் மேல் தங்கக் கவசம் எழுப்பும் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். அவ்வுரை அட்லாண்டிக்கின் இருகரையிலும் தீப்போலப் பரவியது.

ஹண்டர் பொய் சொன்னவரல்லர். அந்த இரத்தசோகை நோயாளிகளின் நாக்கு சிவந்து, புண்பட்டு, வழவழத்துக் கிடந்ததை அவர் கண்ணால் கண்டார். இரைப்பையின் உட்சுவர் நைந்திருந்ததும் மெய்யே. வாயில் புண், வயிற்றில் நைவு, இரத்தத்தில் சோகை என்ற மூன்றையும் அவர் ஒரு வரிசையில் அடுக்கினார்: வாயே தொடக்கம்.

வரிசை தலைகீழ் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. 1926இல் மைனாட், மர்ஃபி என்னும் பாஸ்டன் மருத்துவர்கள் இந்நோய் ஈரல் உணவால் கட்டுப்படும் என்று காட்டினார்கள். 1929இல் வில்லியம் காஸில், இரைப்பை சுரக்க வேண்டிய ஒரு பொருள் இந்நோயாளிகளிடம் இல்லை என்றார். 1948இல் பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டது. இரைப்பைச் சுவர் நைந்து போனதால் அவ்வைட்டமினை உடல் ஏற்க முடியவில்லை. அதனால் இரத்தமும் கெட்டது, நாக்கும் புண்ணாயிற்று. ஹண்டர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நாக்கு உண்மையில் பாதிக்கப்பட்ட கட்சி! இன்றும் மருத்துவ நூல்களில் அந்நாக்குப் புண் அவர் பெயராலேயே வழங்குவது சரித்திரத்தின் குறும்பு. இந்தத் தலைகீழ் வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதிப் பகுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

*

உண்மை விளங்குவதற்கு முன்பே கருத்து ஆயுதமாகிவிட்டது. உடம்பின் மூலையில் ஒளிந்த சிறு தொற்று எங்கோ தொலைவில் நோயாக வெளிப்படும் என்னும் கொள்கை, 1910க்குப் பிந்தைய அமெரிக்காவில் ஒரு வேகமான நம்பிக்கையாயிற்று. மூட்டு வலியா, தலைவலியா, சோர்வா, பல்லைப் பிடுங்கு என்றார்கள்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் அது எல்லை கடந்தது. 1907 முதல் அதன் தலைவராயிருந்த ஹென்ரி காட்டன், பைத்தியம் என்பது மறைந்திருக்கும் தொற்றின் விளைவே என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். தேறவில்லை என்றால் தொண்டைச் சதையை நீக்கினார். பின் விழுங்கப்பட்ட நஞ்சைத் தேடிப் பெருங்குடலையும் அறுத்தார். குடல் அறுவைக்கு உள்ளானவர்களில் பத்துக்கு மூவர் இறந்தனர் என்பது அவரே ஒப்புக்கொண்ட கணக்கு. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமடைந்ததாகவும் அவரே சொல்லிக்கொண்டார். 1920களின் நடுவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஃபில்லிஸ் கிரீன்ஏக்கர் என்ற பெண் மருத்துவர், பேராசிரியர் அடால்ஃப் மேயர் பணித்தபடி அங்கு சென்று ஏடுகளையும் நோயாளிகளையும் ஆராய்ந்தார். குணமடைந்தோர் கணக்கு பொய்யென்றும், சாவு காட்டன் சொன்னதினும் மிகுதி என்றும் கண்டார். அவ்வறிக்கையை மேயர் வெளியிடாமல் வைத்துக்கொண்டார். காட்டன் 1933இல் மறையும்வரை மதிப்புடனே இருந்தார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் பெரியவர்கள். டிரென்டன் நோயாளிகளுக்கு அது அப்படியே பலித்தது. தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தாத இடத்தில் அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். பல்லும் போனபின் மெல்லவும் முடியாமல், வேண்டாம் என்று திருத்தமாகச் சொல்லவும் முடியாமல் போனார்கள். காட்டன் கொடியவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. அவர் தம் மனைவி மக்களின் பற்களையும் தம் பற்களையும்கூடப் பிடுங்கிக்கொண்டவர். உண்மையாக நம்பியவர். நம்பிக்கை சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

1930களிலும் 40களிலும் கவனமான ஒப்பீடுகள் வரத் தொடங்கியபின் கொள்கை சரிந்தது. பற்கள் பிழைத்தன. ஆனால் சரிவோடு சேர்ந்து, வாயின் நுண்ணுயிர்களுக்கும் உள்ளுறுப்புகளின் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்பதே மரியாதைக் குறைவான செயலாகிவிட்டது.

*

இதே காலத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கு உயிரினம் ஒன்றைக் காரணம் காட்டியவருக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. டென்மார்க்கின் யோஹானஸ் ஃபிபிகர், கரப்பான் பூச்சி வழியே எலிகளின் வயிற்றில் புகும் ஒருவகைப் புழு அங்கே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 1913இல் அறிவித்தார். 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் கண்டவை பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் நேர்ந்த சுவர் மாற்றங்களே, புற்றல்ல என்று பின்னர் தெரியவந்தது. ஒருமுறை சுட்டுக்கொண்ட கை அடுத்த முறை தயங்கும். அமிலம் கொதிக்கும் இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்பது பாடநூல் வாக்கியமாக நிலைத்தது.

அவ்வாக்கியத்தை அழித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த இருவர். 1979இல் நோய்க்கூறு மருத்துவர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். அக்கிருமியை வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் கிடக்க நேர்ந்தபோது கிருமி முளைத்திருந்தது. அது நிதானமாக வளரும் பிராணி. அதுவரை அவசரப்பட்டுத் தூக்கியெறிந்திருக்கிறார்கள்! 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று வழங்குவது அதுவே. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

மார்ஷல் குடித்தது அழற்சியை மெய்ப்பித்தது, புற்றுநோயை அல்ல. அதை மெய்ப்பித்தது பொறுமை. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்க ஆண்களின் இரத்தம் 1967 முதல் 1970 வரை சேகரித்து உறையவைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் இரைப்பைப் புற்றுநோய் கண்ட 109 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 94 பேரிடம் அக்கிருமியின் தடயம் இருந்தது. நோயில்லாத ஒப்பீட்டாளரிடம் அது நூற்றுக்கு 76. 1991இல் இது வெளியாயிற்று. நோய் வருமுன் எடுத்த இரத்தம் என்பதே இங்கு உயிர்நாடி. எது முந்தியது, எது பிந்தியது என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஹண்டருக்கு வாய்க்காத சாட்சி இது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இக்கிருமியை ஐயத்துக்கிடமற்ற புற்றுக்காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் 1,526 நோயாளிகளைச் சராசரி 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். கிருமியுள்ள 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமியில்லாத 280 பேரில் ஒருவருக்கும் இல்லை.

அதே எண்ணைத் திருப்பிப் படிக்கவும் வேண்டும். கிருமியுள்ள 1,246 பேரில் 1,210 பேருக்கு அக்காலத்தில் புற்று வரவில்லை. கிருமி இருந்தால் புற்று உறுதி என்பதில்லை. அப்படியானால் வேறென்ன சேர்கிறது? இந்த இடத்தில்தான் வாய் மறுபடியும் கதைக்குள் நுழைகிறது.

*

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எச்சிலை விழுங்குகிறார். அதனுடன் கோடானுகோடி பாக்டீரியாக்களையும். நலமான இரைப்பையின் அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஆனால் நாட்பட்ட அழற்சியில் அமிலம் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொரெயா என்ற நோய்க்கூறு மருத்துவர் 1970களிலிருந்து இதைப் படிப்படியாக விளக்கினார்: அழற்சி, பின் சுவர் நைவு, பின் இரைப்பைச் சுவர் குடற்சுவர் போல மாறுதல், பின் அணுப்பிறழ்வு, இறுதியில் புற்று. பல பத்தாண்டுகள் எடுக்கும் இறக்கம் இது. அமிலம் குறைந்த வயிற்றில் பாக்டீரியாக்கள் பெருகி, உணவின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, அதிலிருந்து புற்றூக்கும் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாக வழிசெய்யும் என்பதும் அவர் விளக்கத்தின் பகுதி. நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் வேலையை நாக்கின்மேல் வாழும் பாக்டீரியாக்கள் அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சீனாவின் ஹெனான் மாகாணத்து லின்சியன் வட்டாரத்தில் 1980களில் தொடங்கிச் சுமார் 29,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வயதுக்கு மிஞ்சிப் பல் இழந்தவர்களிடையே இரைப்பைப் புற்று மிகுந்திருந்தது. 2018இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் இரைப்பைப் புற்றுத் திசுக்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ், பார்விமோனாஸ் மைக்ரா முதலிய வாய்வாழ் பாக்டீரியாக்கள் மிகுந்திருக்கக் கண்டார்கள். 2020இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வு வெளியாயிற்று. நம் நண்பரின் நறுக்கு அதன் நெடுநாள் எதிரொலியாக இருக்கலாம். செவிலியர்களும் மருத்துவத் துறை ஆண்களுமாக (அவ்வாண்களில் பெரும்பகுதி பல் மருத்துவர்களே) ஏறத்தாழ 1,48,000 பேர். 22 முதல் 28 ஆண்டுகள். ஈறு நோய் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு இரைப்பைப் புற்றின் அபாயம் 52 விழுக்காடு கூடுதல்.

52 விழுக்காடு என்றதும் பாதிப்பேருக்கு மேல் வந்துவிட்டதாக மனம் படிக்கும். மொத்தம் அந்த 1,48,000 பேரில், அத்தனை ஆண்டுகளில், இரைப்பைப் புற்று கண்டவர்கள் 238 பேர். ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவு. இரண்டு எண்களும் மெய்யே. ஆனால் தலைப்பில் இடம்பிடிப்பது எப்போதும் முதல் எண்தான்.

இங்கே ஹண்டரின் தலைகீழ் வரிசையை மீண்டும் எடுத்துக்கொள்வோம். புற்றுள்ள இரைப்பையில் வாய்ப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை வந்து புற்றை உண்டாக்கினவா? அல்லது புற்றுக்கு வழியமைத்த சுவர் நைவால் அமிலம் வற்ற, காவலற்ற வீட்டில் புகுந்து குடியேறினவா? புகைப்பழக்கம், வறுமை, காய்கனி குறைந்த உணவு போன்றவை ஈற்றையும் இரைப்பையையும் ஒருங்கே கெடுப்பவை. ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள்; முழுக்கக் கழித்துவிட முடிவதில்லை.

2024இல் ஒரு படி முன்னேற்றம் நிகழ்ந்தது. ஹாங்காங் ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சி, அமில அணுக்களின் அழிவு, சுவர் மாற்றம், அணுப்பிறழ்வு என்று கொரெயாவின் படிகளையே அவ்வெலிகளின் வயிறு இறங்கத் தொடங்கியது. வேறு கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளிலும் அவ்வாறே. கிருமியின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் இரைப்பை அணுக்களைப் பற்றிக்கொள்ளும் விதத்தையும் காட்டினார்கள். குடியேறி மட்டுமல்ல, குற்றத்தில் பங்காளியாகவும் இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது வலுவான சான்று. எனினும் எலிகளின் வயிற்றை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதியதற்கு ஃபிபிகரின் கதை இருக்கிறது. ஹவாயின் உறைந்த இரத்தம் போன்ற, நெடுங்காலம் காத்திருந்து பேசும் மனித சாட்சியமே வழக்கை முடிக்கும்.

*

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. 6,60,000 பேர் இறந்தார்கள். ஆதலால் இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆனால் இந்தச் சரித்திரத்தில் மனிதர்கள் இருவகையாகவும் துன்புற்றிருக்கிறார்கள். சான்று வருமுன் நம்பியவர்களால் டிரென்டனில் பற்களும் உயிர்களும் போயின. சான்று வந்தபின்னும் நம்ப மறுத்தவர்களால், கிருமிக்கு மருந்து கொடுத்தால் தீரக்கூடிய குடல்புண்ணோடு எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழன்றார்கள்.

மறுவாரம் நண்பரிடம் இவற்றைச் சொன்னோம். பற்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை என்றோம். ஈற்றிலிருந்து இரத்தம் வருவது தன்னளவிலேயே வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அதற்குப் புற்றுநோய்ப் பயம் எதற்கு? பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுக்கட்டும். பெற்றோருக்கு இரைப்பைப் புற்று இருந்தவர்கள் ஹெலிகோபாக்டர் கிருமிக்குச் சோதித்துக்கொள்வது நல்லது என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். மூச்சுக் காற்றைக் கொண்டே அதை அறியலாம், இருந்தால் மருந்தால் நீக்கலாம். இதுவரை உறுதிப்பட்ட எதிரி அதுதான்.

நண்பர் சட்டைப் பையிலிருந்து அந்த நறுக்கை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அதன் பின்புறத்தில் பேனாவால் "மூச்சுப் பரிசோதனை" என்று எழுதிக்கொண்டு, மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தார்.